கர்வ்டு டிவியா பிளாட் டிவியா: இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்தபின் சொல்வது

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற ஹாலுக்கு என்றால் பிளாட் டிவிதான் சரி, வளைவுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற கம்ப்யூட்டர் மானிட்டர் என்றால் பதில் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன். முடிவு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதி.

எங்கள் வீட்டுக்கு வளைந்த டிவி வந்தது அண்ணன் வழியாக. பெங்களூரில் வேலையில் இருந்தவர் வெளிநாடு கிளம்பும்போது, விற்றால் பாதி விலைகூடத் தேறாது என்று 55 அங்குல கர்வ்டு 4கே டிவியை மதுரைக்கு அனுப்பிவிட்டார். அப்போது மாடியில் அம்மா அப்பா அறையில் அதே 55 அங்குலத்தில் ஒரு பிளாட் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சில வருடங்கள் ஒரே வீட்டில் இருந்ததால், ஷோரூமில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிற அபிப்பிராயமாக இல்லாமல், ஐபிஎல், தீபாவளிப் படம், மத்தியான சீரியல், எல்லோரும் தூங்கியபின் நான் மட்டும் பார்க்கிற ஓடிடி என்று எல்லா நேரத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

முதலில் இந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சியில் சாம்சங், எல்ஜி இரண்டுமே வளைந்த ஓஎல்இடி டிவியைக் (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற வகை) காட்டின. அந்த வருடமே 55 அங்குலத்தில் விற்பனைக்கும் வந்தது. அமெரிக்காவில் எல்ஜி வைத்த ஆரம்ப விலை சுமார் 15,000 டாலர். அடுத்த வருடம் பின்விளக்கு வைத்த எல்சிடி 4கே டிவிகளிலும் வளைவு வந்துவிட்டது, சோனிகூட ஒரு மாடல் போட்டது. அப்புறம் வேகமாகவே அடங்கிவிட்டது. எல்ஜியின் வளைந்த ஓஎல்இடி 2016 மாடல்களோடு முடிந்தது. 2017இல் சாம்சங்கின் உச்ச மாடலான க்யூ9 பிளாட்டாகத்தான் வந்தது. வளைந்த டிவியை ஊரெல்லாம் விளம்பரப்படுத்திய நிறுவனமே தன் தலைசிறந்த திரையைத் தட்டையாகச் செய்தது என்பதே எனக்குப் போதுமான சாட்சி. அதன்பிறகும் 2020 வரை சில வளைந்த மாடல்களை சாம்சங் வெளியிட்டது.

இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. சாலிடேர், டயனோரா, ஒனிடா காலத்து டிவி எல்லாம் வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடிதான். உள்ளே காற்றில்லாத குழாய், வெளியிலிருந்து காற்று அழுத்துகிறது, அதைத் தாங்க கண்ணாடி புடைத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் பிளாட் டியூப் வந்தபோது, படம் ஓரத்தில் வளையாமல் நேராகத் தெரிகிறது என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கினோம். அப்படி ஆசைப்பட்டு வாங்கிய நேர்கோட்டை விட்டுவிட்டு மறுபடியும் வளைவுக்குக் காசு கொடுக்க வேண்டுமென்றால், அதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? காரணமாக அவர்கள் சொன்னது இதுதான்: திரையின் எல்லாப் பகுதியும் கண்ணிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும், அதனால் காட்சிக்குள் இருப்பது போன்ற உணர்வு வரும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. அந்த டிவிகளில் பலவற்றின் வளைவை 4200ஆர் என்பார்கள். 4200 மில்லிமீட்டர், அதாவது 4.2 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு என்று பொருள். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அந்த அகலத்துக்கு 4.2 மீட்டர் வளைவு கொடுத்தால் நடுப்பகுதி ஓரத்தைவிட 4.4 சென்டிமீட்டர்தான் உள்ளே போகிறது. 65 அங்குலம் என்றால் 6 சென்டிமீட்டர் சொச்சம்.

சரி, பிளாட் டிவியில் இந்தத் தூர வித்தியாசம் எவ்வளவு? 3 மீட்டர் தள்ளி, நேர் நடுவில் உட்கார்ந்தால் திரையின் நடு 300 சென்டிமீட்டரில் இருக்கிறது, ஓரம் 306 சென்டிமீட்டரில் இருக்கிறது. 100க்கு 2 பங்கு. கண்ணுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்கும் மாடிக்கும் கீழுக்கும் மாறி மாறிப் பார்த்ததில் ‘ஐயோ, இங்கே ஓரம் தள்ளிப் போய்விட்டதே’ என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். 10 அடி தள்ளி உட்கார்ந்து 55 அங்குலத் திரையைப் பார்த்தால், அது நம் பார்வையில் அடைத்துக்கொள்கிற அகலம் 23 பாகைக்கும் (டிகிரிக்கும்) குறைவு. 1952இல் அமெரிக்காவில் வந்த சினிராமா என்ற பெரிய வளைந்த திரை 146 பாகை அகலம் கொண்டது, மூன்று புரொஜெக்டர் வைத்து அதில் படம் ஓட்டினார்கள். அவ்வளவு அகலமான திரையைத் தட்டையாகச் செய்யவே முடியாது, அங்கே வளைவுக்கு அர்த்தம் இருந்தது. 23 பாகைத் திரையை வளைத்தால் அந்த உணர்வில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைப்பதில்லை. ‘உள்ளே இருப்பது போல’ வேண்டும் என்றால் வழி ஒன்றுதான்: பெரிய திரை வாங்குங்கள், அல்லது சோபாவை முன்னால் இழுத்துப் போடுங்கள்.

அப்படியானால் கர்வ்டு டிவி வாங்கியவர்கள் பலர் ‘படம் அருமையாக இருக்கிறது, ஆழம் தெரிகிறது’ என்று சொன்னது பொய்யா? இல்லை, நிஜமாகவே அருமையாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் அந்த வருடங்களில் நிறுவனங்கள் தங்களுடைய சிறந்த பேனலை வளைந்த மாடலில்தான் போட்டார்கள். உதாரணமாக 2015இல் சாம்சங்கின் உச்ச மாடலான ஜேஎஸ்9500 வளைந்து மட்டுமே கிடைத்தது. பேனல் முழுக்கப் பின்னால் விளக்குகளை அடுக்கி, இருண்ட இடத்தில் விளக்கை மங்கவைக்கிற வசதி அதில் இருந்தது. கறுப்பு கறுப்பாகத் தெரிந்ததற்கும் ஆழம் தெரிந்ததற்கும் அந்த விளக்கமைப்புதான் காரணம், பெயர் மட்டும் வளைவுக்குப் போனது. எங்கள் டிவி நடுத்தர விலை மாடல், அந்த வசதி இல்லை. வளைவு இருந்தும் இருட்டுக் காட்சியில் மாடி டிவியைவிட ஆழம் எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் கறுப்புக் காட்சி வந்தால் இரண்டு கீழ் மூலைகளிலும் வெள்ளையாக ஒரு கசிவு தெரியும், விளக்கை அணைத்துவிட்டுப் பேய்ப்படம் பார்க்கும்போது அது மிகவும் உறுத்தியது.

அடுத்தது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது. வளைந்த திரைக்குச் சரியான இடம் ஒன்றே ஒன்று, நேர் நடு. நம் வீட்டு ஹாலில் அது எப்படி நடக்கும்? அப்பாவுக்குச் சாய்வு நாற்காலி ஓரத்தில், அம்மா சுவரில் சாய்ந்து தரையில், அத்தை வந்தால் திவானில், பிள்ளைகள் பாய் விரித்து டிவிக்கு முன்னால் படுத்துக்கொண்டு. நடு இடத்தில் பெரும்பாலும் டீபாய்தான் இருக்கும். ஓரத்திலிருந்து பார்க்கும்போது நமக்குப் பக்கமாக இருக்கிற விளிம்பு நம்மைவிட்டுத் திரும்பி நிற்கும், அந்தப் பக்கம் படம் ஒடுங்கியும் கொஞ்சம் வெளிறியும் தெரியும். எதிர்ப்பக்க விளிம்பு நம்மைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் அது நன்றாகத் தெரியும். ஒரே படத்தில் இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. கிரிக்கெட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஸ்கோர் கார்டு ஓரத்தில் வருகிறபோது, செய்திச் சேனலில் கீழே எழுத்து ஓடுகிறபோது நன்றாகவே தெரியும். அப்பா தன் நாற்காலியில் இருந்தபடி ‘அந்த மூலையில் என்ன போட்டிருக்கிறான்’ என்று அடிக்கடி கேட்பார், மாடி டிவியில் அப்படிக் கேட்டதில்லை.

தரையில் உட்காருவது இன்னொரு சிக்கல். டிவியை ஸ்டாண்டில் உயரமாக வைத்துக் கீழிருந்து பார்த்தால், படத்தின் மேல் விளிம்பு நேராகத் தெரியாது, இரண்டு முனைகளும் லேசாக மேலே தூக்கியிருப்பது போல் தெரியும். ஓரங்கள் நமக்குப் பக்கமாக இருப்பதால் வருகிற வளைவு அது. சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் வருகிற கறுப்புப் பட்டைகளில் அது அப்பட்டமாகத் தெரியும். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்வார்கள். கதை ஓடும்போது உண்மையிலேயே மறந்துவிடுகிறது, ஆனால் டைட்டில் ஓடும்போதும், கட்டடங்கள், கோயில் கோபுரப் படிகள், ரயில் பாதை என்று நேர்கோடு நிறைய வருகிற காட்சிகளிலும் எனக்குக் கடைசிவரை கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது.

வெளிச்சப் பிரதிபலிப்பு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். வளைந்த திரை பிரதிபலிப்பைக் குறைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி சரி: பக்கவாட்டில் சில கோணங்களிலிருந்து வருகிற வெளிச்சம் நம் கண்ணுக்கு வராமல் தப்பித்துவிடும். ஆனால் எது சிக்குகிறதோ அது இழுபட்டு அகலமாகிவிடும், குழியாடியின் குணம் அப்படி. எங்கள் ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சுவரில் டியூப்லைட், பக்கத்தில் மேற்கு ஜன்னல். பிளாட் டிவியில் அந்த ஜன்னல் ஒரு கட்டமாகத் தெரியும், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் தப்பிக்கலாம். வளைந்த திரையில் சாயங்காலம் 4 மணிக்கு மேல் அது பாதித் திரைக்கு ஒரு வெள்ளைப் பூச்சாகப் படர்ந்துவிடும், எங்கே உட்கார்ந்தாலும் விடாது. கனமான திரைச்சீலை போட்டு, டியூப்லைட்டை டிவி இருக்கிற சுவருக்கே மாற்றியபின்தான் நிம்மதி. பிளாட் டிவி வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம், டிவிக்கு எதிர்ச்சுவரில் விளக்கு இல்லாமல் பார்த்துக்கொள்வது எந்தத் திரைக்கும் நல்லது.

சுவரில் மாட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டலாம், ஆனால் அழகாக இருக்காது. ஓரங்கள் சுவரைவிட்டு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், பின்னால் இடைவெளியில் ஒட்டடை சேரும். சில மாடல்களுக்கு அதற்கென்றே தனி வால் மவுண்டு அல்லது இடையில் வைக்கிற துண்டுகள் வேண்டும், அவை பெட்டியோடு வந்திருக்கும், கைமாறும்போது தொலைந்திருக்கும். இடம் குறைவான ஹாலில், துருத்திய மூலை சிறு பிள்ளைகள் ஓடும் உயரத்தில் இருந்தால் கவனம் தேவை. நாங்கள் கடைசிவரை ஸ்டாண்டிலேயே வைத்திருந்தோம்.

ரிப்பேர் விஷயம் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். எங்கள் டிவியில் ஒரு பக்கம் பேக்லைட் மங்க ஆரம்பித்தது. சாதாரண பிளாட் டிவி என்றால் தெருமுனைக் கடையிலேயே பேனலைக் கழற்றி எல்இடி ஸ்ட்ரிப் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் டிவியைப் பார்த்த மெக்கானிக் நியாயமாகவே சொன்னார்: “சார், வளைஞ்ச பேனலைக் கழட்டித் திரும்ப உட்கார வைக்கிறப்போ விரிசல் விட்டா நான் பொறுப்பில்லை, பேனல் தனியாக் கிடைக்கிறதும் சந்தேகம்.” அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த டிவியிலும் பேனல் போனால் புது டிவி விலைக்கு நெருங்கிவிடும், விற்பனை நின்றுபோன வடிவம் என்றால் பொருளே கிடைக்காது. வாரண்டி இல்லாமல் கர்வ்டு டிவி வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

நல்லது எதுவுமே இல்லையா என்றால், இருந்தது. எல்லோரும் தூங்கியபின் பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்கு 5 அடியில் நேர் நடுவில் போட்டு உட்கார்ந்தால் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அந்தத் தூரத்தில் திரை பார்வையை நன்றாக நிறைக்கிறது, விஏ வகைப் பேனல் என்றால் சாய்வாகப் பார்க்கும்போது நிறம் வெளிறும் குணம் உண்டு, ஓரங்கள் நம்மைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் மூலைவரை நிறம் ஒரே மாதிரி இருக்கிறது. அக்கா மகன் லீவுக்கு வந்தால் பிளேஸ்டேஷனில் கார் ரேஸ் ஓட்டுவான், அவன் மாடிக்குப் போகவே மாட்டான், இந்த டிவிதான் வேண்டும் என்பான். ஒருவர், பக்கத்தில், நேர் நடுவில் என்ற மூன்றும் சேர்ந்தால் வளைவு வேலை செய்கிறது.

மானிட்டருக்குப் பதில் மாறுவதும் இதனால்தான். மேஜையில் 60 சென்டிமீட்டர் தள்ளி உட்காருகிறோம், ஒருவர்தான் பார்க்கிறோம், அதுவும் நேர் எதிரில். 34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டரின் அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். தட்டையாக இருந்தால் நடு 60 சென்டிமீட்டரில், ஓரம் 72 சென்டிமீட்டரில். டிவியில் 100க்கு 2 பங்காக இருந்த வித்தியாசம் இங்கே 20 பங்கு. ஓரத்தில் இருக்கிற எழுத்தை 34 பாகை சாய்வில் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே 1500ஆர், 1000ஆர் என்று இறுக்கமான வளைவு கொடுத்தால் கழுத்துக்கும் கண்ணுக்கும் உண்மையான பலன் உண்டு. நான் வேலைக்கு 34 அங்குலம் 1500ஆர் பயன்படுத்துகிறேன், இடது பக்கம் புரோகிராம், வலது பக்கம் பிரவுசர் என்று திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார முடிகிறது, திரும்பப் பிளாட்டுக்குப் போக மனமில்லை. ஆனால் 24 அங்குலத்தில் 1800ஆர் என்று போட்டு விற்கிறார்களே, அதில் மொத்த வளைவே 2 சென்டிமீட்டர்தான், அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை. 27 அங்குலம் விருப்பத்தைப் பொறுத்தது. கட்டட வரைபடம் போடுகிறவர்கள், டிசைன் வேலை செய்கிறவர்கள் மட்டும் எந்த அளவாக இருந்தாலும் கடைக்குப் போய் நீளமான நேர்கோடு ஒன்றை வரைந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், கோடு வளைந்து தெரிவது அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கலாம்.

இப்போது டிவி வாங்கப் போகிறவர்கள் பணத்தை எங்கே போட வேண்டும்? முதலில் அளவு. 55இலிருந்து 65க்குப் போனால் திரைப் பரப்பு 40 சதவீதம் கூடுகிறது, எந்த வளைவும் தராத வித்தியாசம் இது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபின் பெரிய அளவு முன்பைவிடக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. இரண்டாவது, உங்கள் வீட்டில் எல்லோரும் எங்கே உட்காருவார்கள் என்று பாருங்கள். ஓரங்களில் நிறையப் பேர் உட்காருவார்கள் என்றால் சாய்வாகப் பார்த்தாலும் நிறம் அதிகம் வெளிறாத ஐபிஎஸ் வகைப் பேனல், பட்ஜெட் இடம் கொடுத்தால் ஓஎல்இடி. எல்லோரும் ஏறக்குறைய நேராகவே உட்கார்ந்து இரவில் படம் பார்க்கிற வீடு என்றால் விஏ பேனல், அதில் கறுப்பு நன்றாக இருக்கும். ஷோரூமில் நேராக நின்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நாலடி நகர்ந்து, பிறகு தரையில் குந்தியும் பாருங்கள். சேல்ஸ்மேன் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம், வீட்டில் பத்து வருடம் அப்படித்தானே பார்க்கப் போகிறோம்.

கர்வ்டு டிவி இனிப் பெரும்பாலும் உங்களைத் தேடி வரப்போவது உறவுக்காரர் வழியாகவோ செகண்ட் ஹேண்டாகவோதான். சும்மா வந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், படுக்கையறைக்கோ பையனின் கேம் அறைக்கோ நன்றாகப் பொருந்தும். காசு கொடுத்து என்றால், அதே அளவுப் பழைய பிளாட் டிவி என்ன விலைக்குப் போகிறதோ அதைவிடக் குறைவாகக் கேளுங்கள், ரிப்பேர் கஷ்டத்துக்கு அது ஈடு. போகும்போது ஒரு பென் டிரைவில் முழு வெள்ளை, முழுச் சாம்பல், முழுக் கறுப்பு என்று மூன்று படங்களைப் போட்டு எடுத்துப் போங்கள். வெள்ளையில் மங்கிய பகுதி தெரியும், சாம்பலில் செங்குத்துக் கோடு இருந்தால் தெரியும், கறுப்பை விளக்கணைத்துப் பார்த்தால் மூலைக் கசிவு தெரியும். ரிமோட், ஸ்டாண்டு திருகுகள், வால் மவுண்டுத் துண்டுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். சில விலை உயர்ந்த மாடல்களில் எச்டிஎம்ஐ சொருகுமிடங்கள் எல்லாம் ஒரு தனிப் பெட்டியில் இருக்கும், அந்தப் பெட்டியும் அதன் கேபிளும் இல்லாமல் டிவியை எடுத்து வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய மாடலில் ஆப்கள் மெதுவாக இருந்தாலோ அப்டேட் நின்றிருந்தாலோ கவலை வேண்டாம், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகினால் சரியாகிவிடும்.

ஏற்றி இறக்கும்போது மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். ஸ்டாண்டு கழற்றுவதற்காக டிவியைக் கட்டிலில் குப்புறப் போடுவது நம்மில் எல்லோருக்கும் பழக்கம். வளைந்த திரையை அப்படிப் போட்டால் முழு எடையும் இரண்டு ஓர விளிம்புகளில் இறங்கும், அங்கேதான் விரிசல் விடும். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிமிர்த்தி வைத்தபடியே கழற்ற வேண்டும். வண்டியிலும் நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், பழைய பெட்டியும் தெர்மாகோலும் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்த வளைவுக்கு ஏற்ற தெர்மாகோல் கடையில் தனியாகக் கிடைக்காது.